மாவிலை ஏறிய கொள்கலன்

மாணவியர் விடுதி, கெடா
27 அக்டோபர் 2025

அண்ணன் விக்னேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் கைப்பேசி எண்ணைத் தடை செய்துவிட்டேன். பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கடைக்குத் தூக்கிப்போக வேண்டாம். அதில் ஒரு குறையும் இல்லை, குறை உங்கள் வாயில்தான்.

தீபாவளி விருந்தில் அத்தனை பேரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, "நம்ம ஷாமினி நாலு வருசமா உலக வாணிபம் படிக்கிறா. இன்னிக்கு வரைக்கும் ஒரு பாக்கெட் முறுக்கு வித்துக் குடுத்ததில்ல லா" என்று சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். சித்தியவான் அத்தைக்குப் புரையே ஏறிவிட்டது. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். "படிப்பு முடிஞ்சதும் வந்து கல்லாவுல உக்காரட்டும். ஜெனீவாவும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று அப்பாவிடம் தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். அப்பாவும் தலையை ஆட்டிவிட்டார். எனக்கு அன்றைக்கு இறங்கிய சோறு அவ்வளவுதான்.

ஜெனீவாவில் முதுகலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நாடுகள் ஒன்றுக்கொன்று என்ன விற்கலாம், எப்படி விற்கலாம் என்று விதி எழுதுகிற ஊர் அது. எனக்கு இடம் கிடைக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போகலாமா என்பதுதான் நம் வீட்டில் முடிவாக வேண்டும். அதற்கு ஒரு பந்தயம் வைக்கிறேன்.

மெல்பர்னில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஜெயபாலன், ஒரு கொள்கலன் நிறைய நம் கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலையும் முறுக்கும், கேட்கிறாராம். நீங்கள் அதைப் பினாங்குத் தரகரிடம் தள்ளப்போகிறீர்கள் என்று அம்மா சொன்னார். நாம் வறுத்த கடலைக்கும் நாம் பிழிந்த முறுக்குக்கும் அவர் தன் பெயரை ஒட்டி அனுப்புவார். தள்ளாதீர்கள். நம் பெயரிலேயே போகட்டும். என்னென்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்கிறேன். கொள்கலன் அங்கே போய், சோதனை என்று ஓரமாக ஒதுக்கப்படாமல், நேராக ஜெயபாலன் கிடங்குக்குப் போய்விட்டால் நான் ஜெனீவா போவேன், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒதுக்கப்பட்டால் நான் கோப்பெங் வந்து கல்லாவில் உட்காருகிறேன்.

எல்லாம் கடிதத்தில் மட்டும். வாயால் சொன்னதை மறுநாளே இல்லை என்று சாதிப்பவர் நீங்கள்.

இப்படிக்கு,
ஷாமினி


கோப்பெங்
6 நவம்பர் 2025

ஷாமினிக்கு,

அதென்ன புதிதாக "நீங்கள்", "அவர்கள்"? வங்கியிலிருந்து கடிதம் வந்துவிட்டது என்று அம்மா பயந்துபோய்ப் பூசை அறையில் வைத்துவிட்டார். கோபம் என்றால் கோபம் என்று எழுது. மரியாதை உனக்கு ஒத்துவரவில்லை.

விருந்தில் சொன்னதை நான் இல்லை என்று சொல்லவில்லை. உண்மையைத்தானே சொன்னேன். நீ அங்கே போய் நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள உறவைப் படிக்கிறாய். இங்கே நம் பட்டறைக்கும் மூன்று வாசல் தள்ளி இருக்கிற மினி மார்க்கெட்டுக்கும் உள்ள உறவே சரியில்லை. அந்தக் கடைக்காரத் தவுக்கே நம் பாக்கெட்டைக் கீழ்த்தட்டில் வைக்கிறான். அதற்கு உன் புத்தகத்தில் என்ன வழி இருக்கிறது?

புந்தோங்கில் அப்பா வாடகைக் கொட்டகையில் வறுத்துக்கொண்டிருந்த தொழிலை நான்தான் இங்கே கொண்டுவந்தேன். பழைய ரப்பர் தோட்டத்து ஸ்டோர் இருந்த இடம், காடாகக் கிடந்தது. "விக்கி, பாம்புதான்டா வாங்கும் உன் முறுக்க" என்று கேட்டார்கள். இன்று நாலு அடுப்பு, பதினோரு பேர். நான் படிக்காமல் செய்தேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

ஆனால் பினாங்குக்காரன் பெயரை ஒட்டுவது எனக்கும் பிடிக்கவில்லை. அவன் போனில் பேசும்போதே நம்மை அவன் கூலியாள் மாதிரிப் பேசுகிறான். ஆகவே உன் பந்தயத்துக்குச் சரி என்கிறேன். அப்பாவையும் சாட்சிக்கு வைத்திருக்கிறேன். நீ தோற்றால் ஜூலையில் கல்லா. அழுகை, மூக்குச் சிந்துதல் எதுவும் கூடாது.

என்ன செய்ய வேண்டும், சொல்.

விக்கி


மாணவியர் விடுதி
15 நவம்பர் 2025

அண்ணே,

சரி, "நீ".

முதலில் கடலை. நம் கொண்டைக்கடலை எங்கிருந்து வருகிறது? மூட்டையைத் திருப்பிப் பார். ஆஸ்திரேலியா. அவர்கள் விளைத்ததை நாம் வாங்கி, ஊறவைத்து, வறுத்து, மிளகாய்த்தூள் பூசி அவர்களுக்கே விற்கப்போகிறோம். அப்படியானால் இது எந்த நாட்டுப் பொருள்? மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு இதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. பச்சைக் கடலையாக உள்ளே வந்தது, வேறொரு பொருளாக வெளியே போகிறது. வேலை நடந்தது கோப்பெங்கில். ஆகவே மலேசியப் பொருள் என்று சான்றிதழ் வாங்கலாம். அது இருந்தால் நம் இரு நாட்டு ஒப்பந்தப்படி அங்கே சுங்க வரி இல்லை. பினாங்குக்காரர் இதைத்தான் தன் சாமர்த்தியம் என்று உன்னிடம் விற்றுக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது பூச்சி. ஆஸ்திரேலியா ஒரு தனித் தீவு மாதிரி. வெளியிலிருந்து ஒரு வண்டு போனாலும் அவர்கள் விவசாயம் ஆட்டம் கண்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படிக் காவல் போட எல்லா நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் காவல் என்ற பெயரில் வெளிநாட்டுக்காரன் சரக்கை வேண்டுமென்றே தடுக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதுதான் என் இறுதி ஆண்டு ஆய்வு. இந்தப் பாடத்தில் நான்தான் முதல் மதிப்பெண். சும்மா தெரிந்து வைத்துக்கொள்.

ஆகவே பெட்டி அடுக்கும் மரப் பேலட்டுகள் சூட்டில் பதப்படுத்தி முத்திரை குத்தியவையாக இருக்க வேண்டும். பக்கத்துக் கடையில் சும்மா கிடக்கிறது என்று தூக்கி வராதே. கொள்கலனின் தரையை நீயே குனிந்து பார். மண், வைக்கோல், பழைய அரிசி எதுவும் இருக்கக் கூடாது. பாக்கெட்டில் நிலக்கடலை இருக்கிறது, எள் இருக்கிறது என்று தெளிவாக அச்சிட வேண்டும். ஏற்றி முடித்ததும் கதவு மூடும் முன்னால் கப்பல் ஏஜெண்டு படம் எடுத்துக் காகிதங்களோடு அங்குள்ள அதிகாரிகளுக்கு அனுப்பட்டும். மறைக்க ஒன்றும் இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

மினி மார்க்கெட் தவுக்கேயைப் பற்றிக் கேட்டாய். அவர் கடையில் விற்கும் பாக்கெட் சோற்றை நீ வாங்குகிறாயா? பட்டறையில் பதினோரு பேர் மதியம் சாப்பிடுகிறார்கள். அங்கே வாங்கிப் பார், நம் பாக்கெட் எந்தத் தட்டுக்கு ஏறுகிறது என்று எழுது.

ஷாமினி


கோப்பெங்
11 ஜனவரி 2026

ஷாமினிக்கு,

சொன்னது எல்லாம் செய்தாயிற்று. பேலட் முத்திரையோடு வந்திருக்கிறது. பாக்கெட் அச்சு முடிந்தது. சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. அதற்காக நான் அலைந்த அலைச்சலைப் பார்த்து அப்பா, "இதுக்கு நீயே போயி படிச்சிருக்கலாம்டா" என்கிறார்.

வீரம்மா அக்காவிடம் கடலைக் கதையைச் சொன்னேன். முறுக்கு அடுப்பை விட்டு எழுந்து வந்து மூட்டையைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தூரம் வந்து மொளகாத்தூள் பூசிக்கிட்டுத் திரும்பிப் போவுதா? பொறந்த வீட்டுக்குப் போற பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணித்தான் அனுப்பணும்" என்றார். அன்றிலிருந்து கடலைக்கு உப்புப் போடுவதில்கூடத் தனிக் கவனம்.

தவுக்கே விஷயம். நாங்கள் அவனிடம் மதியச் சாப்பாடு வாங்க ஆரம்பித்தோம். நம் பாக்கெட் இப்போது கண்ணுக்கு நேரான தட்டில் இருக்கிறது. இதை நான் எழுதியிருக்கவே கூடாது, ஆனால் அம்மா எழுதச் சொன்னார்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சரக்கு ஏற்றுகிறோம். நீ வா. உன் பந்தயக் குதிரையை நீயே வந்து கிளப்பு. ஒரு வார்த்தை: முதல் சரக்கு பூசை போடாமல் இந்த வாசலைத் தாண்டாது. முதல் வேனுக்குப் போட்டோம், முதல் மோட்டார் சைக்கிளுக்குப் போட்டோம். அதற்கும் விதி இருக்கிறதா என்று கேட்டு என் உயிரை எடுக்காதே.

விக்கி


மாணவியர் விடுதி
5 பிப்ரவரி 2026

அண்ணே,

வந்து சேர்ந்தேன். மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு நேரில் வந்ததும் நீ முதலில் கேட்டது "சாப்டியா" என்றுதான். நானும் கோபத்தை மறந்து "சாப்ட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அதற்காகத் தடையை எடுத்துவிடுவேன் என்று நினைக்காதே.

அந்தக் கொள்கலன் நம் வாசலில் நின்ற நிற்பை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, கலியாண வீட்டில் வரவேற்பதுபோல் லாரிக்காரரிடம் "காப்பி குடிச்சீங்களா" என்று மூன்று தடவை கேட்டார். அம்மா தேங்காய் உடைத்தார். மாவிலைத் தோரணம் கட்ட அப்பா ஏணியில் ஏறப்போனார், அவர் முட்டிக்கு அது ஆகாது என்று நான் ஏறிக் கதவுக்கு உள்பக்கம் கட்டிவிட்டேன். வெளியே கட்டினால் துறைமுகம் போகிற வழியில் ரவாங் தாண்டுவதற்குள் பறந்துவிடும். நம் பெயர் போட்ட பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கிவிட்டேன். நீ அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்ததையும் பார்த்தேன். மிளகாய்த்தூள் என்று சொல்லிவிடாதே.

இன்னொரு செய்தி. ஜெனீவாவில் இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகையோடு. ஏப்ரல் முடிவதற்குள் வருகிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும். அதற்குள் கொள்கலன் போய்ச் சேர்ந்துவிடும். இப்போதே கம்பளிச் சட்டை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஷாமினி


கோப்பெங்
4 மார்ச் 2026

ஷாமினிக்கு,

இதை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன், நாளைக்கே உனக்குக் கிடைக்கும். அம்மா போனில் கூப்பிட்டுச் சொன்னால் கத்திவிடுவேன், அதனால்தான்.

கண்டெய்னர் மெல்பர்னில் இறங்கிவிட்டது. காகிதம் எல்லாம் சரி. ஆனால் ஏஜெண்டு அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அங்கே ஓர் அதிகாரி கேள்வி கேட்டிருக்கிறார். கதவின் உள்பக்கம் மேலே பச்சையாகத் தொங்குவது என்ன?

மாவிலை, ஷாமினி. நீ கட்டியது.

அப்பாவுக்குச் சொன்னேன், அவருக்குப் புரியவே இல்லை. "எலைதானடா, அது என்ன பண்ணும்?" என்கிறார். எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. பேலட்டைப் பார்த்தேன், தரையைக் குனிந்து பார்த்தேன், பெட்டி ஒட்டியதைப் பார்த்தேன். தோரணத்தைச் சரக்கு என்று யார் நினைப்பார்கள்? நீயும் நினைக்கவில்லை. அந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவளே ஏணியில் ஏறிக் கட்டினாள். உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை. சரி, கொஞ்சம் குத்திக் காட்டத்தான் எழுதினேன்.

ஏஜெண்டு வழி சொல்கிறான். படம் தெளிவாக இல்லை. "பிளாஸ்டிக் தோரணம்னு எழுதிக் குடு பாஸ், இன்னிக்கே விட்டுருவாங்க. சூசா ஒண்ணும் இல்ல, தொல்லையே கெடையாது" என்கிறான். ஈப்போவில் எந்தக் கடையிலும் பிளாஸ்டிக் மாவிலை தொங்குகிறது, யாருக்கு என்ன தெரியும்? கதவு திறந்ததும் ஜெயபாலன் கழற்றி எறிந்துவிடுவார். உண்மையைச் சொன்னால் சோதனை, மருந்து, தாமதம். ஜெயபாலன் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம்.

நன்றாக யோசி. பிளாஸ்டிக் என்றால் கண்டெய்னர் நேராகக் கிடங்குக்குப் போகிறது, பந்தயம் உனக்கு. இந்த வெற்றியை நானே உனக்குத் தூக்கித் தருகிறேன். அனுப்பியவர்கள் சார்பில் விளக்கம் எழுதுவது நீ என்று முதலிலேயே உன் பெயரைக் கொடுத்திருக்கிறோம். உன் பதில்தான் போக வேண்டும்.

விக்கி


மாணவியர் விடுதி
5 மார்ச் 2026

அண்ணே,

உன் கடிதத்தைப் பேருந்து நிறுத்தத்திலேயே நின்று படித்தேன். படித்ததும் முதலில் வந்தது வெட்கம். வகுப்பில் இதே பாடத்தை மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவள் நான். மரக்கட்டையைத் தாவரப் பொருள் என்று எழுதினேன், வைக்கோலை எழுதினேன், ஒட்டியிருக்கும் மண்ணைக்கூட எழுதினேன். மாவிலை என் மண்டையில் தாவரமாகவே பதியவில்லை. அது வாசல். பிறந்ததிலிருந்து எல்லா நல்ல காரியத்திலும் தலைக்குமேல் தொங்கியது, நான் அதை இலை என்று பார்த்ததே இல்லை.

அப்புறம் பிளாஸ்டிக். பொய் சொல்ல மாட்டேன் என்று வீராப்பாக உட்கார்ந்து எழுதவில்லை. சாப்பிடாமல் கொஞ்ச நேரம் அதையும் யோசித்தேன். ஜெனீவா கண் முன்னால் நின்றது. ஆனால் அண்ணே, அவர்கள் பயம் நிஜமானது. அவர்களுக்கும் மாந்தோப்பு இருக்கிறது. நம் இலையில் ஒரு பூச்சி முட்டை ஒட்டிக்கொண்டு போயிருந்தால், அங்கே நம்மை மாதிரி ஒரு குடும்பத்தின் தோப்பு போய்விடும். அவர்கள் வேண்டுமென்றே தடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அதற்குத்தான் படித்தேன். இதில் தப்பு நம் பக்கம். இலை இலைதான்.

இன்னொன்று. நீ பினாங்குக்காரரிடம் தராமல் நம் பெயரை ஏன் ஒட்டினாய்? இரண்டாவது கொள்கலன், பத்தாவது கொள்கலன் போக வேண்டும் என்றுதானே. முதல் பெட்டியிலேயே பொய் ஏறினால் அந்தப் பெயரை எதற்கு ஒட்டினோம்?

ஆகவே பதில் அனுப்பிவிட்டேன். நீ படிக்கும்போது அது போய்ச் சேர்ந்திருக்கும். அசல் மாவிலை, பறித்தது எங்கள் வீட்டு மரத்தில், கட்டியது நான், அது விதிக்கு மாறானது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீங்கள் சொல்லும் எதையும் செய்யத் தயார் என்று எழுதினேன். சரக்கு எல்லாம் ஒட்டி மூடிய பாக்கெட்டில் இருக்கிறது, இலைக்கும் அதற்கும் தொடுதல் இல்லை, ஆகவே இலையை அழித்துச் சரக்கை விடுவிக்கும்படி உங்கள் விதியே இடம் தருகிறது என்றும் எந்த விதி என்று காட்டி எழுதினேன். அந்தப் பகுதியை நீ படித்தால் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வாய்.

ஜெயபாலனுக்கும் நானே பேசினேன். "சித்தியவான்காரன்மா நான், எங்க கடத் தொறப்புக்கும் மாவெலதான் கட்டினேன். காத்திருக்கேன் போ" என்றார்.

என் மேல் கோபம் இருந்தால் எழுது.

ஷாமினி


மாணவியர் விடுதி
28 மார்ச் 2026

அண்ணே,

கோபத்தைக்கூட எழுதாமல் இருந்துவிட்டாய். அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது, கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சரக்கு வெளியே வந்துவிட்டது. ஓரமாக ஒதுக்கி, கதவைத் திறந்து, இலையை எடுத்து எரித்து, உள்ளே மருந்து அடித்து, ஒரு சில பெட்டிகளைப் பிரித்துப் பார்த்த பிறகு விட்டார்கள். கடலை ஒன்றுகூட வீணாகவில்லை. ஜெயபாலன் கிடங்கில் இறக்கி, கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த அதிகாரி எனக்கு ஒரு கேள்வி அனுப்பினார். இந்த இலையை எதற்காகக் கட்டுகிறீர்கள், உங்கள் நாட்டிலிருந்து வேறு யாரெல்லாம் கட்டக்கூடும் என்று கேட்டார். நான் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். புது வீடு, புது வண்டி, புதுக் கடை, கலியாணம் எல்லாவற்றுக்கும் கட்டுவோம், எங்களுக்கு இது இலை என்றே தோன்றாது, ஆகவே "தாவரப் பொருள்" என்று எழுதிய அறிவிப்பு எங்கள் கண்ணில் படாது, தோரணம் என்று பெயரைச் சொல்லியே எழுதுங்கள் என்றேன். நன்றி, இது எங்களுக்குத் தெரியாது, ஏற்றுமதி செய்பவர்களுக்கான குறிப்பில் சேர்க்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டையும் உனக்கு இணைத்திருக்கிறேன்.

இனிப் பந்தயம். கொள்கலன் ஒதுக்கப்பட்டது. நான் தோற்றுவிட்டேன். நான் கட்டிய இலையால் தோற்றேன் என்பதால் யாரையும் நோக முடியாது. ஜெனீவாவுக்கு வரவில்லை என்று கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், ஏப்ரல் கடைசியில் அனுப்புவேன். எனக்கு அழுகை வருகிறது. நீ கூடாது என்று சொன்னாய், ஆனாலும் வருகிறது. ஜூலையில் வருகிறேன். கல்லா நாற்காலி ஆடும் என்று அம்மா சொன்னார், அதை மட்டும் சரிசெய்து வை.

ஷாமினி


கோப்பெங்
7 ஏப்ரல் 2026

ஷாமினிக்கு,

நான் எழுதாமல் இருந்தது கோபத்தால் அல்ல. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஜெயிக்க வழி காட்டியும் ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால் அவளுக்கு என்ன எழுதுவார்கள்?

நீ அதிகாரிக்கு எழுதிய பக்கத்தை, தாப்பாவில் வாத்தியாராக இருக்கும் நம் தர்மேந்திரனைக் கூப்பிட்டு வைத்து, பட்டறையில் தமிழில் சொல்லச் சொன்னேன். அடுப்பை எல்லாம் அணைத்துவிட்டுப் பதினோரு பேரும் கேட்டோம். வீரம்மா அக்கா முடிவில், "நம்ம ஊட்டுக் கதைய அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிட்டா. அவங்க பயத்த நமக்குப் புரியற மாதிரி சொல்லிட்டா. இதத்தான் படிக்குதா அந்தப் புள்ள?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். நாலு வருடமாக எனக்கே தெரியாததை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டு ஆமாம் என்றேன்.

ஜெயபாலன் இரண்டாவது கண்டெய்னர் கேட்டுவிட்டார். பெர்த்தில் ஒருவரும் கேட்கிறார். இலை இல்லாமல் வாசலிலேயே பூசை போட்டு அனுப்புவோம் என்று அப்பா ஒத்துக்கொண்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

பந்தயத்தைப் பற்றி நீ எழுதியிருந்தாய். அதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் கிடையாது. நீ தோற்றாய். அப்பா சாட்சி. உன் கையெழுத்திலேயே இருக்கிறது, இனி நீயும் மறுக்க முடியாது. தங்கச்சி என்பதற்காகச் சலுகை தர மாட்டேன். தோற்றவள் ஜெயித்தவன் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும்.

வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறாயே, அதைக் கிழித்துப் போடு. வருகிறேன் என்று இன்றைக்கே எழுது. விதி எழுதுகிற அறையில் ஏணியில் ஏறி மாவிலை கட்டிய ஆள் ஒருத்தியாவது உட்கார வேண்டும். கல்லாவுக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறேன். ஜெயித்தவன் சொல்கிறேன், கிளம்பு.

விக்கி